குடலைக் கழுவ வேண்டுமா?

"நாளைக்கு லீவுதானே? பேதிக்குச் சாப்பிட்டுவிடு" என்று விளக்கெண்ணெய்க் கிண்ணத்துடன் பாட்டி வந்து நிற்பது நம் வீடுகள் பலவற்றில் பழகிய காட்சி. ஆறு மாதத்திற்கு ஒருமுறை கழுவாவிட்டால் குடலில் அழுக்கு ஒட்டிக்கொண்டு நஞ்சாகிவிடும் என்பது பெரியவர்களின் எண்ணம். இதே எண்ணத்தை நம்பி, குடலைச் சுத்தம் செய்யும் பொடிகளும் இன்று அழகிய டப்பாக்களில் விற்பனையாகின்றன. நம் குடல் சாக்கடைக் குழாயைப் போன்றதுதானா? ஆராய்ந்து பார்ப்போம்.

ஒன்பது லிட்டர் கணக்கு

வளர்ந்த ஒருவரின் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம், பெருங்குடல் 1.5 மீட்டர். நாள்தோறும் சிறுகுடலுக்குள் சுமார் 9 லிட்டர் நீர்மம் வந்து சேர்கிறது. இதில் நாம் உண்பதாலும் குடிப்பதாலும் வருவது 2 லிட்டர்தான். மீதி 7 லிட்டரும் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என உடலே சுரப்பது. சிறுகுடல் பெரும்பகுதியை உறிஞ்சிய பின் ஒன்றரை லிட்டர் அளவே பெருங்குடலை அடைகிறது. அங்கும் உறிஞ்சப்பட்டு, மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே. ஆக, பெருங்குடல் குப்பைத் தொட்டி அல்ல. தண்ணீரைச் சேமிக்கும் நிலையம்.

சரி, சுவரில் அழுக்கு ஒட்டிக்கொள்ளாதா? குடலின் உட்சுவர்ச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் உதிர்ந்து, புதிய செல்கள் அவ்விடத்திற்கு வந்துவிடுகின்றன. சுவரே உரிந்து புதிதாகும்போது ஆண்டுக்கணக்கான அழுக்கு எதில் ஒட்டியிருக்கும்?

நஞ்சா, அழுத்தமா?

மலம் தங்கினால் அதன் நஞ்சு இரத்தத்தில் கலக்கும் என்று 1887-இல் பாரிஸ் மருத்துவர் பூஷார் எழுதினார். இக்கொள்கையை நம்பிய லண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன், நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி நீக்கிவந்தார்!

1919-இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் அல்வாரெஸ் வேறு விதமாகச் சிந்தித்தார். மலச்சிக்கலால் வரும் தலைபாரமும் சோர்வும் மலம் கழித்த சில நிமிடங்களில் மறைந்துவிடுகின்றன. இரத்தத்தில் கலந்த நஞ்சு அவ்வளவு விரைவில் நீங்குமா? நீங்காது. அப்படியானால் காரணம் நஞ்சு அல்ல; மலக்குடல் விரிவதால் நரம்புகளில் ஏற்படும் தூண்டுதல். 1922-இல் டொனால்ட்சன் என்பவர், தாமாக முன்வந்த சிலரின் மலக்குடலில் பஞ்சை அடைத்துப் பார்த்தார். அதே தொல்லைகள் தோன்றின. பஞ்சில் ஏது நஞ்சு?

பேதி மருந்தின் இயற்பியல்

வெள்ளரிக்காயில் இரண்டு வில்லைகள் நறுக்குங்கள். ஒன்றின்மேல் மட்டும் உப்பைத் தூவிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பிட்ட வில்லையில் நீர் கசிந்து நிற்கும். இதுவே சவ்வூடு பரவல். பேதி உப்பு எனப்படும் மக்னீசியம் சல்ஃபேட், குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. அங்கேயே தங்கி நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. விளக்கெண்ணெயின் வழி வேறு. அதிலிருந்து பிரியும் ரிசினோலியிக் அமிலம் குடல் தசைகளைத் தூண்டி வேகமாக இயங்கச் செய்கிறது.

எனவே பேதியாகும்போது போவது பழைய அழுக்கு அல்ல. ஒன்பது லிட்டர் கணக்கில் இரத்தத்திற்குத் திரும்பவேண்டிய நீரும், சோடியம், பொட்டாசியம் உப்புகளும்தான். பேதிக்குப்பின் கால்கள் துவள்வது இதனால்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. வயிற்றுவலிக்குக் காரணம் குடல்வால் அழற்சியாக இருந்தால், பேதி மருந்து கொடுப்பதால் குடல்வால் வெடித்து உயிருக்கே ஆபத்து நேரலாம். காரணம் தெரியாத வயிற்றுவலிக்குப் பேதி மருந்து கொடுக்கவே கூடாது, மருத்துவரிடம் செல்லவேண்டும். 'பூச்சி போகும்' என்பதற்காகவும் பேதி தேவையில்லை. அதற்கென்றே அல்பெண்டசோல் மாத்திரை உள்ளது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலேயே தருகிறார்கள். பெருங்குடலைக் கருவி கொண்டு பார்க்கும் சோதனைக்கு முன் மருத்துவர்கள் குடலைக் கழுவுவதுண்டு. அது உப்புகள் அளவாகச் சேர்த்த கரைசலால், அவர்கள் மேற்பார்வையில் நடப்பது.

உண்மையான துப்புரவாளர்

உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் 1972-இல் தம் தோழர்களுடன் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார். நார்ப்பொருள் மிகுந்த உணவை உண்ணும் உகாண்டா கிராமத்தார் உடலில் உணவு கடந்து செல்ல ஏறக்குறைய 36 மணி ஆயிற்று. பிரிட்டிஷ் கப்பற்படையினருக்கோ 80 மணிக்கு மேல்! நார்ப்பொருள் நீரைப் பிடித்துவைத்து மலத்தை மென்மையாக்குகிறது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து உண்டாக்கும் பியூட்டிரிக் அமிலமே குடற்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள்.

கேழ்வரகு, கம்பு, கீரை, வாழைத்தண்டு, கொண்டைக்கடலை, கொய்யா ஆகியவற்றில் நார் நிறைய உண்டு. போதிய தண்ணீரும் ஓடியாடி விளையாடுவதும் வேண்டும். பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று மாணவர்கள் பலர் அடக்கிக்கொள்கிறார்கள். தங்கும் நேரம் கூடினால் பெருங்குடல் மேலும் நீரை உறிஞ்சி மலத்தைக் கெட்டியாக்கும். கழிப்பறையைச் சீராக்கும்படி ஆசிரியரிடம் கேட்பது வெட்கப்படவேண்டிய செயலன்று.

செய்து பாருங்கள்

வேகவைத்த மக்காச்சோளம் ஒரு கைப்பிடி உண்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் தோல் செரிப்பதில்லை, வெளியேறும்போது தெரியும். இடைப்பட்ட நேரமே உங்கள் குடலின் பயண நேரம். ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை இயல்பு. மிகுதியாக இருந்தால், இரு வாரம் கீரையும் சிறுதானியமும் சேர்த்து உண்டு மறுபடி அளந்து பாருங்கள்.