தேனடை சொல்லும் கணக்கு

மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் மரத்தின் இளந்தளிர்களில் சுரக்கும் இனிப்பு நீரைச் சேர்த்துத்தான் அங்குள்ள தேனீக்கள் தேனாக்குகின்றன. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் அடையை உற்றுப் பாருங்கள். ஒவ்வோர் அறையின் வாயும் ஏறக்குறைய ஓர் ஒழுங்கு அறுகோணம்.

ஒழுங்கு என்றால் என்ன? "எல்லாப் பக்கங்களும் சமம்" என்கிறீர்களா? சோதித்துப் பார்ப்போம்.

தீர்ந்துபோன பேனா ரீஃபில்களைச் சம நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். மூன்று துண்டுகளில் நூலைக் கோத்து இறுக முடியுங்கள். சமபக்க முக்கோணம் கிடைக்கும். அதன் மூலையைத் தள்ளினாலும் வடிவம் மாறாது. கோணங்கள் 60° ஆகவே இருக்கும். இனி நான்கு துண்டுகளைக் கோத்துச் சதுரம் செய்யுங்கள். மூலையை லேசாகத் தள்ளியதுமே அது சாய்சதுரமாகச் சரிந்துவிடும். பக்கங்கள் மாறவில்லை, கோணங்கள் மாறிவிட்டன!

அப்படியானால் கோணங்கள் சமமாக இருந்தால் போதுமா? உங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். நான்கு கோணங்களும் 90°தான்; ஆனால் நீளமும் அகலமும் வேறு. ஆகவே பக்கங்கள் சமம், கோணங்கள் சமம் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் ஒழுங்குப் பலகோணம். முக்கோணத்தில் மட்டும் ஒன்று அமைந்தால் மற்றது தானே அமைந்துவிடும்.

இதனால் தேனீக்கு என்ன லாபம்? அடை கட்டும் மெழுகு தேனீயின் உடலில் சுரக்கிறது. அதற்குத் தேனைத்தான் செலவிட வேண்டும். குறைந்த மெழுகில் நிறையத் தேன் கொள்ளும் அறை வேண்டும் அல்லவா?

சுற்றளவு 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்கு அறுகோணத்தின் பரப்பு 10.39 ச.செ.மீ. கோணங்களை 120° ஆகவே வைத்து, பக்கங்களை 3, 1, 3, 1, 3, 1 செ.மீ. என்று மாற்றினால் பரப்பு 9.53 ச.செ.மீ.தான். பக்கங்களைச் சமமாக வைத்துக் கோணங்களை நசுக்கினாலும் பரப்பு குறையும். ஆறு துண்டுகளைக் கோத்துத் தட்டையாக அழுத்திப் பாருங்கள், உள்ளே இடமே மிஞ்சாது!

அதே சுற்றளவில் வட்டம் இன்னும் அதிகம் கொள்ளும். ஆனால் வட்டங்களை அடுக்கினால் இடையே சந்து விழும். அறுகோணத்தில் 120° கோணங்கள் மூன்று சேர்ந்து 360° ஆவதால் சந்து விழாது. ஒரு தளத்தைச் சம பரப்புள்ள அறைகளாகப் பிரிக்க, மிகக் குறைந்த சுவர் ஒழுங்கு அறுகோணத்துக்கே போதும் என்பதை 1999-இல் அமெரிக்கக் கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் நிரூபித்தார்.

உங்களுக்கு ஒரு கேள்வி. இரண்டு ஒழுங்கு எண்கோணங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி வையுங்கள். அவை சேரும் மூலையில் மிஞ்சும் இடைவெளியை எந்த ஒழுங்குப் பலகோணம் சரியாக நிரப்பும்?