'மஃட்' என்னும் டச்சுச் சொல்

1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் டச்சுக் கம்பெனியாரின் ஆளுகையில் இருந்தது. அவர்தம் 'டொய்ட்' என்னும் செப்புக்காசின் பெயரே நம் வழக்கில் 'துட்டு' ஆயிற்று. காசின் பெயர் தங்கிற்று. அதிகாரத்தைக் குறிக்கும் 'மஃட்' என்னும் அவர்தம் சொல் நம்மிடம் தங்கவில்லை. அச்சொல்லின் பொருளையும் பிறப்பையும் ஈண்டுக் காண்போம்.

இதன் இடையொலி அரபியின் 'கா' எழுத்தொலிக்கு அணுக்கமானது. அதனைத் தமிழில் காட்ட ஆய்தம் நமக்குத் துணை நிற்கின்றது. ஜெர்மன் மொழியிலும் இச்சொல் ஏறத்தாழ இவ்வொலியுடனேயே வழங்குகின்றது. ஆங்கிலத்தின் 'மைட்' இதன் உடன்பிறப்பு.

இவற்றின் வேர் 'இயலுதல்' என்னும் பொருளுடையது. நம் 'வல்லமை'யும் அத்தகையதே. 'பாட வல்லான்' என்பதில் 'வல்' இயலுதலையே சுட்டும். அவ்வேரினின்று பிறந்த டச்சு வினை 'மோகன்' (நம் ஊர் மோகனுக்கும் இதற்கும் உறவில்லை). முற்காலத்தில் 'இயலும்' என்று பொருள்பட்ட அவ்வினை இன்று 'அனுமதி உண்டு' எனப் பொருள்படுகின்றது. அறிதற்பொருளில் வழங்கிய 'குன்னன்' என்னும் வினை, இயலுதலைக் குறிக்க அதனிடத்தில் வந்தமர்ந்தது. தமிழிலும் இத்தகைய மாற்றம் உண்டு. 'ஓடக்கூடியவன்' என்னுமிடத்துக் காலின் வலிமை பேசப்படுகின்றது. 'ஓடக்கூடாது' என்னுமிடத்துப் பிறரது கட்டளை ஒலிக்கின்றது. என்னால் இயலுமா என்னும் வினா, என்னை விடுவார்களா என்னும் வினாவாக மாறிய இக்கதை இரு மொழியிலும் நிகழ்ந்திருப்பது நமக்கு வியப்பளிக்கின்றது.

'ஒன்மஃட்' என்பது இயலாமை. மயங்கி வீழ்தலுக்கும் அதுவே பெயர். 'வொல்மஃட்' என்பது பிறர் சார்பில் செயற்பட அளிக்கப்படும் அதிகாரம். வெள்ளம் போன்ற மீறவொண்ணாத் தடையால் ஒப்பந்தம் தவறுமாயின், சட்டம் அதனை 'ஓவர்மஃட்' எனும்.

அதிகாரத்திற்கு டச்சில் மற்றொரு சொல்லும் உண்டு. அது 'கெஸாக்'. 'சொல்லுதல்' எனப் பொருள்படும் 'ஸெகன்' என்னும் வினையோடு தொடர்புடையது. 'அவர் சொல் ஊரில் செல்லும்' என்கிறோமே, அதுவே கெஸாக். மஃட் இருந்தும் கெஸாக் இல்லாதிருத்தல் கூடும். 1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்தைக் கைப்பற்றியது; அதன் படைக்கு 'வேர்மஃட்' என்றே பெயர். 1941 பிப்ரவரியில் யூதர்கள் சிறைபிடிக்கப்பட்டதைக் கண்டித்து ஆம்ஸ்டர்டாம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். டிராம் வண்டிகள் நின்றன, துறைமுகம் ஓய்ந்தது. இரண்டாம் நாள் முடிவதற்குள் படைவலியால் அது ஒடுக்கப்பட்டது. அந்நகரத்தார் ஆண்டுதோறும் பிப்ரவரி 25ஆம் நாள் அதனை நினைவுகூர்கின்றனர்.