சராசரிக்குள் நம் வருமானம் எங்கே?

தனிநபர் வருமானத்தில் இந்தியாவைவிடத் தமிழ்நாடு வெகுதூரம் முன்னே நிற்கிறது. 2022-23ஆம் ஆண்டில் நாட்டின் தனிநபர் வருமானம் சுமார் ரூ.1.69 லட்சம். தமிழ்நாட்டுக்கு ரூ.2.78 லட்சம். ஏறத்தாழ 1.64 மடங்கு. மேடைகளில் பேசப்படும் இந்தப் பெருமை பொய்யல்ல. பள்ளிக்கூடம், சத்துணவு, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், தொழிற்பேட்டை எனப் பல பத்தாண்டுகளில் சேர்ந்த வளர்ச்சி இது. அதில் நம் உழைப்பும் இருக்கிறது.

கேள்வி வேறு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். கடலூர் மாவட்டத்தில் சுமார் 29 சதவீதம். இந்த மக்களின் தனிநபர் வருமானம் இந்தியச் சராசரிக்கு மேலா, கீழா?

கணக்கைக் காலனிக்குக் கொண்டுவந்தால்

தமிழ்நாட்டுச் சராசரிப்படி நான்கு பேர் உள்ள குடும்பத்தின் பங்கு ஆண்டுக்கு ரூ.11.12 லட்சம். மாதத்துக்கு ரூ.92 ஆயிரத்துக்கு மேல். இது முழுவதும் வீட்டுக்கு வரும் பணம் அல்ல. கம்பெனிகளின் லாபமும் இதில் அடக்கம். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண் உதவும்.

குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி பக்கம் கரும்பு வெட்டுக்கும் முந்திரித் தோப்புக்கும் போகும் ஒரு கணவன், மனைவியை எடுத்துக்கொள்வோம். நிலம் இல்லை. ஆணுக்கு நாள் கூலி ரூ.500, பெண்ணுக்கு ரூ.300, இருவருக்கும் ஆண்டில் 150 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். ரூ.1,20,000 வரும். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட 100 நாள் வேலைக் கூலி ரூ.336. நூறு நாளும் தவறாமல் கிடைத்தால் ரூ.33,600. மொத்தம் ரூ.1,53,600. இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து வகுத்தால் தலைக்கு ரூ.38,400.

மாநிலச் சராசரியில் இது ஏழில் ஒரு பங்கு. இந்தியச் சராசரியில் கால் பங்குகூட இல்லை. கூலி 2025-26ஆம் ஆண்டுக்கானது, சராசரி அதைவிடப் பழையது. அப்படியும் இடைவெளி இவ்வளவு. தமிழ்நாடு இந்தியாவைத் தாண்டியிருக்கலாம். இந்தக் குடும்பம் இன்னும் தாண்டவில்லை.

விளைவது இங்கே, போவது எங்கே?

ஒப்பீட்டில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நாட்டின் தனிநபர் வருமானத்தைக் கணக்கிடும்போது, வெளிநாட்டிலிருந்து வரும் வருமானத்தைச் சேர்த்து, வெளிநாட்டுக்குப் போவதைக் கழிக்கிறார்கள். மாநிலத்துக்கு அப்படிச் செய்வதில்லை. மாநில எல்லைக்குள் உற்பத்தியான மதிப்பை மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். அந்தப் பணம் யார் கைக்குப் போனது என்று பார்ப்பதில்லை.

நெய்வேலியில் வெட்டும் நிலக்கரியும், அதில் எடுக்கும் மின்சாரமும் நம் மாவட்டத்து உற்பத்தி. மின்சாரம் பல மாநிலங்களுக்குப் போகிறது. லாபம் பங்குதாரர்களுக்குப் போகிறது. ஆனால் வகுக்கும்போது, சுரங்கத்துக்குப் பக்கத்துக் காலனியில் இருப்பவர் தலையிலும் அது வருமானமாக ஏறுகிறது. ஸ்ரீபெரும்புதூர் கார் தொழிற்சாலைகளின் லாபமும் இப்படித்தான். மறுபக்கம், பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போன நம் பெண்ணின் கூலி கர்நாடகக் கணக்கில் சேர்கிறது. அவர் ஊருக்கு அனுப்பும் பணம் நம் மாநில உற்பத்திக் கணக்கில் வராது.

உயர்ந்த சராசரிக்கு யார் விலை கொடுப்பது?

இந்த எண் டெல்லியில் பணத்தையும் தீர்மானிக்கிறது. மத்திய வரிகளை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதில், தனிநபர் வருமான இடைவெளிக்கு 15ஆவது நிதிக் குழு 45 சதவீத மதிப்பு கொடுத்தது. வருமானம் குறைந்த மாநிலத்துக்குக் கூடுதல் பங்கு, உயர்ந்த மாநிலத்துக்குக் குறைவு. 2011 மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 6 சதவீதம். வரிப் பகிர்வில் கிடைத்தது 4.079 சதவீதம்.

ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகத் தருவதில் நமக்கு மறுப்பில்லை. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் அந்தப் பணத்தை எதிர்பார்த்திருப்பவர்களில் நம் மக்களும் உண்டு. ஆனால் சென்னையும் செங்கல்பட்டும் உயர்த்திய சராசரியைக் காட்டிக் கடலூர் காலனிக்காரரையும் வசதியானவர் பட்டியலில் சேர்த்தால் அது என்ன நியாயம்?

மாகாணங்களுக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான நிதி உறவைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் எழுதிய நூல் 1925இல் லண்டனில் வெளிவந்தது. நூறு ஆண்டுக்கு முன்பே அவர் ஆராய்ந்த துறை இது. நிதிக் குழுப் பேச்சு வரும்போது அதைப் பொருளாதார நிபுணர்களின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது.

எண்ணினால்தான் தெரியும்

தனிநபர் வருமானத்தில் நாட்டிலேயே கடைசி வரிசையில் இருக்கும் பீகார், 2023இல் சாதிவாரிக் கணக்கெடுத்தபோது வருமானத்தையும் கேட்டது. மாதம் ரூ.6,000 வரை மட்டுமே வருமானம் உள்ள குடும்பங்கள் மாநில அளவில் சுமார் 34 சதவீதம். பட்டியல் சாதியினரில் 42.93 சதவீதம். சராசரிக்குள் மறைந்திருந்த வேறுபாடு இப்படித்தான் வெளியே வந்தது. அதைவிடப் பல மடங்கு வருமானம் உள்ள தமிழ்நாட்டில் வீடு வீடாகச் சென்று அப்படி ஒரு கணக்கு எடுக்கப்படவில்லை. மத்திய அரசு 2027 கணக்கெடுப்பில் சாதியைக் கேட்கப்போகிறது. ஆனால் கணக்கெடுப்பில் வருமானத்தைக் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது மாநில அரசிடம். சாதிவாரியாக வருமானம், நிலம், கூலி நாட்கள் ஆகிய மூன்றையும் மாவட்ட வாரியாக எடுத்து வெளியிட வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்குவதற்காக 2024இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருக்கிறது. அந்தப் பணத்தால் நம் வருமானம் ஏறியதா என்று பார்க்க, முதலில் இப்போதைய வருமானம் தெரிய வேண்டும்.

கிராம சபையில் எழுந்து கேட்பதற்கு இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நம் ஊராட்சியில் நிலமில்லாத பட்டியலினக் குடும்பங்கள் எத்தனை? போன ஆண்டு 100 நாள் வேலை முழுதாகக் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? துணைத் திட்ட நிதியில் நம் காலனிக்கு வந்தது எவ்வளவு? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.