உஷார்! ஸ்பிதிக்கு சைக்கிளில் கிளம்புகிறவர்களே...

சிம்லாவில் தொடங்கி, சட்லஜ் ஆற்றை ஒட்டிக் கின்னௌர் வழியாக ஏறி, தாபோ, காசா, கீ மடாலயம், குன்சும் கணவாய் என்று போய் மணாலியில் இறங்கும் ஸ்பிதி சுற்று இப்போது நம்மூர் சைக்கிள்காரர்கள் பலரின் ஆசைப் பட்டியலில் இருக்கிறது. மறுபடி சிம்லாவுக்கே வந்து வட்டத்தை முடித்தால் ஏறத்தாழ 850 கிலோமீட்டர். "600 கிலோமீட்டர் பிஆர்எம் நெடுந்தூர ஓட்டத்தை 40 மணி நேரத்துக்குள் முடித்தவன் நான், இதை ஒரு வாரத்தில் முடிக்க மாட்டேனா?" என்று கணக்குப் போடுகிறார்கள். முடிப்பீர்கள். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

பயிற்சி எடுத்த கால்கள் வேகமாக ஏறும். ஆனால் மெல்லிய காற்றுக்கு உடம்பு பழகுவது அதன் சொந்த நிதானத்தில்தான். எத்தனை பிஆர்எம் ஓட்டியிருந்தாலும் அந்த நிதானத்தை ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது. சோனியான ஆள் மூச்சு வாங்கி வழியிலேயே நின்றுவிடுவார். வலுவான ஆள்தான் ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏறிப்போய், அங்கேயே படுத்துத் தூங்கி, நள்ளிரவில் மண்டை வெடிக்கிற வலியோடு எழுந்திருப்பார்.

நம்மிடம் இதற்குப் பயிற்சிக் களமும் கிடையாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் காலை டிபனுக்கு முன்னால் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். சரி, அதன் உயரம் என்ன? தமிழ்நாட்டில் சைக்கிள் ஏறக்கூடிய மிக உயரமான இடமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். சிம்லாவிலிருந்து கிளம்பிய முதல் நாள் மாலையில் வரும் நார்கண்டா அதைத் தாண்டிவிடுகிறது. கீ மடாலயம் 4,166 மீட்டர், குன்சும் 4,551. சென்னையில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் குன்சும் உச்சியில் கிடைப்பது 60 சதவீதத்துக்கும் குறைவு.

இப்போது முக்கியமான விஷயம், திசை. மணாலி வழியாகப் போனால் தூரம் பாதி, காசா 200 கிலோமீட்டருக்குள் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மணாலி 2,050 மீட்டர். ரோதாங் ஏறி இறங்கி சத்ருவில் தங்கினால் 3,300. மறுநாள் இரவு பாத்தலில் 3,960. அதற்கடுத்த நாள் குன்சும் ஏறி லோசரில் படுத்தால் 4,080. மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு வேறு: 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும். மணாலிப் பாதை இந்தக் கணக்கை இரண்டாவது இரவிலேயே உடைத்துவிடுகிறது.

சிம்லாப் பாதை நீளம்தான், ஆனால் கருணையுள்ளது. ராம்பூரில் 1,000 மீட்டர் வரை இறங்கி, கல்பாவில் 2,960-க்கு ஏறி, நாகோவில் 3,660-ஐத் தொட்டு, தாபோவில் 3,280-க்கு மீண்டும் இறங்குகிறது. இதிலும் ஒரு முள் உண்டு. காப் பாலம் தாண்டி, கா கிராமத்து வளைவுகளில் ஏறி நாகோ போகும் ஏற்றம் செங்குத்து. நாகோ இரவில் பலருக்குத் தலைவலி வரும். அதனால் கல்பாவில் இரண்டு இரவு, தாபோவில் இரண்டு இரவு, காசாவில் குறைந்தது மூன்று. தாபோவில் என்ன செய்வது என்று கேட்காதீர்கள்: 996-ல் கட்டிய மடாலயம், மண் சுவர்களுக்குள்ளே ஆயிரம் ஆண்டு ஓவியங்கள். கீ மடாலயத்துக்குக் காசாவிலிருந்து ஒருநாள் போய் வந்து கீழேயே தூங்குங்கள். பிறகு ஒருநாள் கிப்பர், சிச்சம் பாலம் வழியாக லோசர் பக்கம் போகலாம்.

காசாவில் ஒரு பொறி இருக்கிறது. உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. காசாவில் நோய் முற்றிய ஆளை மணாலிப் பக்கம் கொண்டுபோனால், இறங்குவதற்கு முன் குன்சும் ஏற வேண்டும், 4,551 மீட்டருக்கு! அந்தத் தவறைச் செய்யாதீர்கள். முதலில் காசா ஆஸ்பத்திரி, அடுத்து தாபோ பக்கம் வண்டி. தலைவலியோடு வாந்தி வந்தால் அன்று ஏறக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரை கலந்த சளி என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறது. குதிகாலும் விரலும் தொட நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். குடித்தவரைப் போலத் தள்ளாடினால் மூளை வீங்குகிறது. இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அசெட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், சல்பா ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.

லோசர் தாண்டினால் ஊரே இல்லை. பாத்தலிலிருந்து கிராம்பூ வரை சுமார் 50 கிலோமீட்டர், பெயருக்குத் தேசிய நெடுஞ்சாலை 505, பல இடங்களில் உருண்டைக் கல்லும் ஓடும் தண்ணீரும்தான். போன் சிக்னலை நம்ப வேண்டாம். பனி உருகி வரும் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவு, பிற்பகலில் தொடை அளவு. விடிந்ததும் கிளம்பி நண்பகலுக்குள் கடந்துவிடுங்கள். தண்ணீரில் இறங்கும்போது நீங்கள் நீர் வரும் பக்கமும் சைக்கிள் நீர் போகும் பக்கமும் இருக்க வேண்டும். மாறினால் வெள்ளம் சைக்கிளை உங்கள் மேலேயே சாய்க்கும். கிளீட் வைத்த ஷூ வழுக்கிவிடும். 28 எம்எம் டயர் ரோடு பைக்கை வீட்டில் விடுங்கள். 40 எம்எம்முக்குக் குறையாத டயர், உதிரி பிரேக் பேட் இரண்டு ஜோடி. அந்தச் சேற்று மணல் பேடை அரைத்துத் தின்றுவிடும்.

ஜூலை, ஆகஸ்டில் கின்னௌர் பக்கமே போகாதீர்கள். 2021 ஜூலையில் பட்சேரியில் மலையிலிருந்து உருண்ட பாறைகள் 9 சுற்றுலாப் பயணிகளைக் கொன்றன. அடுத்த மாதமே நிகுல்சாரியில் நிலச்சரிவு அரசுப் பேருந்தையே புதைத்தது. செப்டம்பர் நல்ல மாதம்தான், ஆனால் 2018 செப்டம்பர் கடைசியில் லாஹௌல்–ஸ்பிதியில் கொட்டிய பனியில் நூற்றுக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள். ரிட்டர்ன் ரயிலுக்கு முன்னால் நான்கு நாளாவது சும்மா விட்டு வையுங்கள். லீவு இல்லை என்பவர்கள் இந்தச் சுற்றை எடுக்கவே வேண்டாம்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தால் ரெக்காங் பியோவுக்கு மேலே எல்லைப் பகுதியில் போக இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். சிம்லாவிலோ பியோவிலோ வாங்காமல் செக்போஸ்ட்டில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஏற்கெனவே மணாலிக்கு டிக்கெட் போட்டுவிட்டீர்களா? இன்றைக்கே கேன்சல் செய்து சிம்லாவுக்கு மாற்றுங்கள்.