ஐம்பது நாள் வரவு

1012-இல் சீனத்தின் யாங்சி ஆற்றுக் கீழ்ப்பகுதியில் மழை பொய்த்தது. சொங் பேரரசர் சென்சொங் தெற்கே ஃபூஜியனுக்கு ஆள் அனுப்பி, 30,000 ஹூ விதைநெல் தருவித்து மூன்று மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். மேட்டு நிலமாகப் பார்த்து நடவேண்டும் என்ற செய்முறைக் குறிப்பும் கூடவே போனது. நடு வியட்நாமின் சாம்பா நாட்டிலிருந்து ஃபூஜியனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த நெல் அது. (நம்மூர்ச் சம்பா அல்ல, குணத்தில் குறுவைக்குத்தான் பக்கம்.) கதிர் நீளம், மணி சற்றுச் சிறிது, நுனியில் வால் கிடையாது.

30,000 ஹூ என்பது எவ்வளவு? ஒரு ஹூவுக்குச் சுமார் 60 லிட்டர் என்றால் 18 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 550 கிராம் வைத்தால் ஏறக்குறைய 1,000 டன் நெல். ஏக்கருக்கு 30 கிலோ விதை என்று போட்டால் 33,000 ஏக்கருக்குத்தான் வரும். மூன்று மாகாணங்களுக்கு இது சோளப்பொரி. ஆனால் ஒன்றுக்கு இருபது கண்டு, அத்தனையையும் விதைக்கே ஒதுக்கினால் அடுத்த நடவுக்கு 6.6 லட்சம் ஏக்கர். அரசுக்கு மறுசெலவு இல்லை.

உண்மையான வரவு நாள் கணக்கில் இருக்கிறது. உள்ளூர் நெல், நட்டதிலிருந்து அறுப்புக்குக் குறைந்தது 150 நாள் கேட்டது. சாம்பா நெல்லுக்கு 100 போதும். குளிர்காலக் கோதுமை அதே வயலில் சுமார் 200 நாள் நிற்கும். 150-ஐயும் 200-ஐயும் கூட்டினால் 350. உழவு, தொளி, அறுப்பு, களம் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 15 நாள். ஒரு மழை தவறினால் கணக்கே கவிழ்ந்துவிடும். 100 நாள் நெல்லென்றால் கையில் 65 நாள். அதோடு விடவில்லை: முந்தி முற்றிய கதிரை விதைக்கு எடுத்துவைத்தே உழவர்கள் 60 நாள் ரகம்வரை இறக்கிவிட்டார்கள். அரசர் கொடுத்த விதையைவிட இதுதான் பெரிய காரியம் என்பேன்.

1100 வாக்கில் சீன மக்கள்தொகை 10 கோடியை எட்டியதாகக் கணிப்பு. அதை முழுக்க இந்த நெல்லின் கணக்கில் எழுத முடியாது. கரை கட்டி மீட்ட சதுப்பு நிலங்களும் கோதுமையும் அதில் பங்காளிகள்.

பற்றுப் பக்கமும் உண்டு. சோற்றில் பசை குறைவு, குதிரில் நாள்பட நிற்காது, விலையும் மட்டம். நீண்டகால நெல் வரிக்கும் பணக்காரர் பந்திக்கும் போனது. நடுத்தரக் குடிகளும் அவர்களுக்குக் கீழே இருந்தவர்களும் சாம்பா அரிசியைச் சாப்பிட்டார்கள்.