செவ்வாயின் புதிர்க் கற்கள்

2014 ஜனவரித் திங்களில் செவ்வாய்க் கோளிலிருந்து வந்த இரு படங்கள் ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தன. ஆப்பர்ச்சூனிட்டி என்னும் ஆய்வூர்தி ஒரே இடத்தைப் பன்னிரண்டு செவ்வாய் நாட்கள் இடைவெளியில் இருமுறை படம் பிடித்திருந்தது. முதற்படத்தில் வெறும் பாறைத்தளம். இரண்டாவதில் அதே தளத்தின்மீது ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கல். ஓரம் வெண்மை, நடுவே அடர் சிவப்பு. பழப்பாகு வைத்த டோநட் பணியாரம் போன்றிருந்தது என்று அதைக் கண்டோர் கூறினர். காற்று மிகவும் மெலிந்த அந்நிலத்தில் ஒரு கல் தானே நடந்து வந்து அமர்ந்துவிடாது. எனில் அது எங்கிருந்து வந்தது?

விண்கல் விழுந்து சிதறிய துண்டு என்று சிலர் ஊகித்தனர்; அது கல்லே அன்று, உயிர்ப்பொருள் என்று சொன்னவர்களும் இருந்தனர். ஆய்வுக் குழுவினர் இதில் எதையும் ஏற்கவோ மறுக்கவோ அவசரப்படவில்லை. 'பின்னகிள் ஐலண்ட்' என அக்கல்லுக்குப் பெயரிட்டு, ஊர்தியின் கையை நீட்டி அதனைச் சோதித்தனர். கந்தகமும் மாங்கனீசும் மிகுதியாக இருந்தன. பின்னர் ஊர்தியைச் சற்று நகர்த்திப் பார்த்தபோது, அதே தன்மையுள்ள உடைந்த பாறை ஒன்று கண்ணிற்பட்டது. ஊர்தியின் சக்கரமே அதை நசுக்கித் துண்டொன்றைத் தெறிக்கச் செய்திருந்தது! பிப்ரவரி நடுவில் புதிர் அவிழ்ந்தது.

சக்கரம் செய்த உதவி இது ஒன்று மட்டுமன்று. ஸ்பிரிட் ஊர்தியின் முன்சக்கரம் ஒன்று 2006இல் சுழலாமல் நின்றுவிட்டது. அதை இழுத்துக்கொண்டே ஊர்தி பின்னோக்கி நகர்ந்தது. அந்தச் சக்கரம் உழுத சாலில் 2007இல் வெண்ணிற மண் வெளிப்பட்டது. அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிலிக்கா. வெந்நீரோ வெந்நீராவியோ செயற்பட்ட இடத்தில்தான் இத்தகைய படிவு உண்டாகும். 2024 மே 30 அன்று கியூரியாசிட்டி ஊர்தி ஒரு கல்லின்மீது ஏறி அதை உடைத்தபோது, உள்ளே மஞ்சள் நிறத்தில் தூய கந்தகப் படிகங்கள் இருந்தன. கந்தகச் சேர்மங்கள் செவ்வாயில் புதியன அல்ல; தூய கந்தகமோ அதுவரை அங்கே காணப்பட்டதில்லை. திட்டமிட்டுத் தேடியதைவிடத் தற்செயலாக மிதிபட்டது அதிகம் பேசியிருக்கிறது போலும்.

ஆயினும் தற்செயலை நம்பி ஆய்வு நடப்பதில்லை. முறையான ஆய்வு எவ்வாறு நடக்கிறது என்பதற்கு ஆப்பர்ச்சூனிட்டியின் முதல் மாதங்களே சிறந்த சான்று. 2004 ஜனவரியில் அது மெரிடியானி சமவெளியில் 22 மீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு பள்ளத்தில் இறங்கியது. அங்கு ஹெமடைட் என்னும் இரும்புக் கனிமம் இருப்பதைச் சுற்றுக்கலம் ஒன்று வானிலிருந்தே கண்டிருந்ததால்தான் அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தப் பள்ளத்தின் பாறைகளிலும் தரையிலும் மிளகையொத்த உருண்டைகள் ஆயிரக்கணக்கில் இறைந்து கிடந்தன. நிறம் மிகைப்படுத்திய படங்களில் அவை நீலமாகத் தெரிந்ததால் புளூபெர்ரி என்ற பழப்பெயரே நிலைத்துவிட்டது.

உருண்டை வடிவத்துக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். எரிமலை உமிழ்ந்த குழம்புத் துளிகள் காற்றில் உறைந்தாலும் உருண்டையாகும். விண்கல் மோதித் தெறித்த துளிகளும் அவ்வாறே. நிலத்தடி நீரிலுள்ள கனிமம் ஒரு கருவைச் சுற்றித் திரண்டாலும் உருண்டையாகும். முதல் இரண்டுக்கும் நீர் தேவையில்லை. மூன்றாவதற்கு நீரின்றி முடியாது. ஆகவே வழக்கு முழுவதும் இம்மூன்றுள் எது என்பதில் அடங்கியிருந்தது.

வானிலிருந்து விழுந்தவையாயின் அவை குறிப்பிட்ட அடுக்குகளில் மட்டும் குவிந்திருக்க வேண்டும். இவையோ பாறையின் எல்லா அடுக்குகளிலும் பரவலாகப் பதிந்திருந்தன. சில உருண்டைகளின் ஊடாகப் பாறையின் அடுக்குக் கோடுகள் தொடர்ந்து செல்லவும் கண்டனர். பாறை உருவான பின்னரே அதனுள் இவை வளர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு அது வலுவான அடையாளம். எனினும் இவை எதனால் ஆனவை என்பது எஞ்சியிருந்தது.

இங்குதான் இடர்ப்பாடு. இரும்புக் கனிமங்களை இனம் பிரிக்கும் மோஸ்பவர் நிறமாலைமானி ஊர்தியின் கையில் இருந்தது. கதிரியக்கக் கோபால்ட் வீசும் காமாக் கதிர்களை இரும்பின் அணுக்கரு எவ்வாறு ஏற்கிறது என்பதைக் கொண்டு, அந்த இரும்பு எக்கனிமத்தில் உறைகிறது என்று அது சொல்லிவிடும். ஆனால் அதன் பார்வைப் பரப்பு சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். ஓர் உருண்டையோ சில மில்லிமீட்டர்தான். தனியோர் உருண்டையைச் சோதித்தால் அடியிலுள்ள பாறையின் சான்றும் கலந்துவிடும். தீர்வாக, உருண்டைகள் காற்றால் ஒதுங்கிக் குவிந்த ஒரு குழிவைத் தேடிக் கண்டனர். 'பெர்ரிக் கிண்ணம்' என்று அதனை அழைத்தனர். குவியலை ஒருமுறை அளந்தனர். பக்கத்திலேயே உருண்டைகளற்ற வெற்றுப் பாறையை மற்றொரு முறை அளந்து இரண்டையும் ஒப்பிட்டனர். ஹெமடைட் குவியலில் மேலோங்கியிருந்தது. பழைய கைப்பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காண்பவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

அதே பாறைத்தொடரில் ஜாரோசைட் என்னும் கனிமமும் கிடைத்தது. அதன் கட்டமைப்பிலேயே நீரின் கூறு உண்டு. அமிலத் தன்மையுள்ள நீரில் அது தோன்றும். செவ்வாயின் அப்பகுதியை ஒருகாலத்தில் நீர் நனைத்தது என்ற முடிவுக்கு இவை அனைத்தும் வலுச் சேர்த்தன. இதிலும் ஒரு படிப்பினை பின்னர் வந்தது. 2012இல் எண்டவர் பள்ளத்தின் விளிம்பில் அதே ஊர்தி, தோற்றத்தில் ஒத்த வேறு உருண்டைகளைக் கண்டது. சோதித்தபோது அவற்றில் இரும்பு அவ்வாறு மிகுந்திருக்கவில்லை. வடிவம் ஒன்றாயினும் பொருள் வேறு. 90 நாட்களுக்கென்று அனுப்பப்பட்ட அந்த ஊர்தி 2018 ஜூன் வரை உழைத்து, 45 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, பெரும் தூசிப் புயலில் மௌனமாயிற்று.

இன்று விவாதத்தில் இருப்பது மற்றொரு கல். பெர்சிவரன்ஸ் ஊர்தி 2024 ஜூலையில், ஜெசரோ பள்ளத்துக்குள் ஒருகாலத்தில் ஆறு பாய்ந்த நெரெட்வா பள்ளத்தாக்கில், 'செயாவா ஃபால்ஸ்' எனப் பெயரிடப்பட்ட அம்புமுனை வடிவக் கல்லைக் கண்டது. செந்நிறச் சேற்றுப்பாறை, ஊடே வெண்ணிற நரம்புகள், அவற்றினிடையே சிறுத்தையின் உடற்புள்ளிகள் போல, நடு வெளிறி விளிம்பு கறுத்த மில்லிமீட்டர் அளவுப் புள்ளிகள். அப்புள்ளிகளில் விவியனைட் எனும் இரும்புப் பாஸ்பேட்டும் கிரெய்கைட் எனும் இரும்புச் சல்பைடும் இருப்பதற்கான அடையாளங்கள் தென்பட்டன. கரிமச் சேர்மங்களும் உடனிருந்தன. பூமியில் சேற்றுப் படிவுகளில் நுண்ணுயிர்கள் கரிமப்பொருளை உண்டு வாழும்போது இக்கனிமங்கள் உண்டாவது வழக்கம்.

ஆனால் உயிரின்றியும் அவை உண்டாகலாம். வெப்பம் மிகுந்திருந்தால் வேதிவினை மட்டுமே போதும். இந்தப் பாறையோ கடும் வெப்பம் பட்டதற்கான அறிகுறி காட்டவில்லை. குளிர்ந்த நிலையில் உயிரற்ற வழி ஒன்று உண்டா என்பதே இப்போது கேள்வி. 2025 செப்டம்பரில் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியான கட்டுரை 'உயிர்த்தடயமாக இருக்கக்கூடியது' என்னும் அளவோடு நிறுத்திக்கொண்டது. அந்தத் தயக்கத்தின் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அண்டார்க்டிகாவில் 1984இல் கிடைத்த செவ்வாய் விண்கல் ஒன்றில் நுண்ணுயிர்ப் படிமம் இருப்பதாக 1996இல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்க அதிபரே அதுகுறித்துப் பேசினார். ஆண்டுகள் செல்லச் செல்லச் சொல்லப்பட்ட ஒவ்வொரு சான்றுக்கும் உயிரற்ற விளக்கம் முன்வைக்கப்பட்டு, அறிவியலாளரிற் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை.

புள்ளிகள் உயிரின் சுவடா, வேதியின் விளையாட்டா என்பதை ஊர்தியின் கருவிகளால் தீர்க்க இயலாது. கந்தகம், இரும்பு, கார்பன் ஆகியவற்றின் ஐசோடோப்பு விகிதங்களை நுட்பமாக அளக்கவும், கல்லை மெல்லிய சீவல்களாக அரிந்து காணவும் பூமியின் ஆய்வுக்கூடங்கள் வேண்டும். அதற்கெனவே ஊர்தி அக்கல்லைத் துளையிட்டு, சாக்பீஸ் அளவுள்ள ஒரு துண்டினைக் குழாயில் அடைத்து முத்திரையிட்டது. 'சஃபையர் கேன்யன்' என்பது அத்துண்டின் பெயர். அதனைக் கொண்டுவரும் திட்டம் செலவுப் பெருக்கால் தடைப்பட்டு நிற்க, குழாய் இன்னும் செவ்வாயிலேயே இருக்கிறது.