கரிபியன் தீவுகளும் நம் பட்டதாரிகளும்

மண்கும்பான், வேலணைத் தீவின் தென்கரையிலே மணற்றிட்டுகளும் பனைகளும் சூழ அமைந்த ஊர். விளைநிலம் சிறிது, மணலடியில் தங்கும் மழைநீரே கிணற்று நன்னீர். இத்தகைய தீவகத்திற் பிறந்தோர் கல்விக்கும் வணிகத்துக்கும் கடல் கடத்தல் இயல்பே. பட்டம் பெற்ற பின்னர்த் தொலைவிலுள்ள கரிபியன் தீவொன்றிற் பணியேற்கக் கருதும் இளைஞர், அங்கே தமக்கு முன் சென்ற தமிழரின் வரலாற்றை அறிதல் நன்று.

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848ஆம் ஆண்டு அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியதாயிற்று. 1853ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘ஒரெலி’ என்னும் கப்பல் முதலாவது இந்தியத் தொழிலாளரை மார்த்தினிக்கிற் கொண்டுபோய் இறக்கிற்று. 1854 திசம்பரிற் குவாதலூப்பும் அவ்வாறே ஆட்களைப் பெற்றது. புதுச்சேரி, காரைக்கால் ஆகிய துறைகளிலிருந்து தமிழர் பலர் கப்பலேறினர். 1880களின் இறுதிவரையில் மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் இந்தியாவிலிருந்து சென்றனர். அவர்களுள் ஒரு பகுதியினரே ஊர் மீண்டனர்.

அவர்களது ஒப்பந்தம் ஐந்தாண்டுக்குரியது. தோட்டத்தை விட்டு நீங்கும் உரிமை அவர்க்கில்லை. தமிழ்ப் பள்ளி இல்லை, எழுத்தறிந்தோர் அரியர், கப்பல்கள் நின்றபின் தாயகத்திலிருந்து புதியவர் வருகையும் நின்றது. எனவே சில தலைமுறைகளில் வீட்டுமொழி கிரெயோல் ஆயிற்று. மாரியம்மனும் மதுரைவீரனும் இன்றும் ஆங்கு வழிபடப்படுகின்றனர். ஆயினும், வழிபாட்டிற் பாடப்படும் தமிழின் பொருள் பாடுவோர் பலர்க்கு விளங்குவதில்லை. குடியுரிமையும் எளிதிற் கிட்டிற்றில்லை. குவாதலூப்பிற் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பார் 1904ஆம் ஆண்டு தொடங்கிய வழக்குப் போராட்டம் 1923ஆம் ஆண்டிலேதான் வெற்றி கண்டது.

இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது யாழ்ப்பாணத்தவரின் மலாயாப் பயணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, ஆங்கிலங் கற்ற இளைஞர் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் இலிகிதராக அமர்ந்தனர். அவர்க்குச் சம்பளம், விடுமுறை, பென்சன் ஆகிய யாவும் உண்டு. கடிதமும் மணி ஓடரும் ஊருக்கு வந்தன. திருமணத்தின்பின் மனைவியரும் உடன் சென்றனர். கோலாலம்பூரிலே கோயிலும் சங்கமும் எழுந்தன; 1904ஆம் ஆண்டில் விவேகானந்த ஆச்சிரமம் அமைந்தது. ஒப்பந்தத்தின் தன்மை வேறுபட்டமையால் வாழ்வும் வேறுபட்டது.

எனினும், உரிமை மட்டும் மொழியைக் காத்துவிடாது. மலேசியாவில் வாழும் இலங்கைத் தமிழர் குடும்பங்கள் பலவற்றில் ஆங்கிலமே வீட்டுமொழியாயிற்று. மார்த்தினிக்கில் வறுமையும் கட்டும் தமிழைத் தேய்த்தன; மலாயாவிலோ பதவிக்குரிய மொழியின் மதிப்பே அதனைத் தேய்த்தது. இரண்டினுள் பின்னையதே இன்றைய பட்டதாரிக்கு அண்மையது.

இன்று கரிபியனுக்குச் செல்பவர் கரும்பு வெட்டச் செல்பவரல்லர். எனினும் ஒப்பந்தத்தை ஆய்தல் கடமை. பார்படோசு, திரினிடாடு, யமேக்கா ஆகியவற்றில் ஆட்சிமொழி ஆங்கிலம். மார்த்தினிக்கும் குவாதலூப்பும் பிரான்சின் பகுதிகளாதலின் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டவை. தம் பட்டம் அங்கு ஏற்கப்படுமா என்பதை முன்னரே அறிதல் வேண்டும். தீவுகள் பலவற்றில் வேலை அனுமதி, வேலை கொடுப்போன் பெயராலேயே பெறப்படுகிறது. அவனை நீங்கினால் அனுமதியும் நீங்கலாம். பழைய தோட்டக்கட்டின் சாயல் இதிற் சிறிதுண்டு. ஊர் திரும்பும் செலவு யாருடையது, குடும்பத்தை அழைக்க இயலுமா என்பனவும் எழுத்திற் பெறத்தக்கன. உணவுப்பொருள்களிற் பெரும்பாலன இறக்குமதியாதலின் விலை மிகுதி. யூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். சம்பளத் தொகையை இவற்றோடு வைத்தே எண்ணுதல் வேண்டும்.

ஒப்பந்தம் நன்றாயின் செல்க. சென்றபின் பிள்ளைகளோடு தமிழிற் பேசுவதும் அவர்க்கு எழுதக் கற்பிப்பதும் எந்த வேலை கொடுப்போனும் தரவோ தடுக்கவோ இயலாதவை. அன்று கரும்புத் தோட்டத்தார்க்கு வாய்க்காத எழுத்தறிவு நம்மிடம் உள்ளது. அதனைப் பயன்படுத்தாது விடுவோமாயின், நம் பேரர் தம் முன்னோர் பெயரை உச்சரிக்கவும் பிறரை வினவ நேரும்.